போனில் வராத காரைக்கால்

போன மாதம் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கூட இருந்தவன் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன். நூலகத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்றதும் சிரித்துவிட்டான். "எல்லாந்தான் போன்லயே வருதே, இன்னும் லைப்ரரிக்கு எதுக்குடா போற? ஃபேன் காத்துக்கா?"

ஃபேன் காற்றும் ஒரு காரணம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்குப் போனது வேறு வேலையாக. டீ ஆறுவதற்குள் அவனிடம் அதைச் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் பூர்வீக வீட்டுக்குப் பழைய பத்திரம் ஒன்று இருக்கிறது. பிரெஞ்சில் எழுதியது. அதில் இருக்கிற பெயரும், 'அப்பாவோட தாத்தா' என்று நாங்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் பெயரும் ஒரே ஆளுடையதுதானா என்ற கேள்வி, பாகப்பிரிவினைப் பேச்சு எழுந்தபோது வந்தது. சித்தப்பா ஒன்று சொல்ல, அத்தை ஒன்று சொல்ல, வக்கீல் "அதெல்லாம் சரி, பேப்பர் காட்டுங்க" என்றுவிட்டார். காரைக்கால்காரர்களுக்கு இது புதுசில்லை. 1739-ல் தஞ்சாவூர் அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர் இது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் முடிந்தது. பிரெஞ்சு ஆட்சி இருந்த காலத்து அரசாங்கக் காகிதம் என்றால் பிரெஞ்சுதான். பென்ஷன், குடியுரிமை, சொத்து என்று ஏதாவது ஒன்றுக்காக இங்கே இன்றைக்கும் யாராவது ஒருவர் பழைய பதிவேட்டைத் தேடி அலைந்துகொண்டுதான் இருப்பார்.

நானும் முதலில் போனில்தான் தேடினேன். தமிழில் 'காரைக்கால்' என்று போட்டால் திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி, லாட்ஜ் வாடகை, மாங்கனித் திருவிழா. ஆங்கிலத்தில் போட்டால் பாதி நேரம் காரைக்குடிக்குக் கூட்டிப்போய்ச் செட்டிநாட்டு வீடுகளைக் காட்டுகிறது. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நம் ஊர்ப் பெயர் 'கரிகால்' என்கிற மாதிரி வரும். அப்படிப் போட்டால் கல்லணை கட்டிய சோழ ராஜா வந்து நிற்கிறார். 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சம் பேர் இருக்கிற ஊர். ஆனாலும் தேடுபொறிக்கு நாம் ஒரு கோயிலும் ஒரு எழுத்துப்பிழையும்தான்.

ஒரு நண்பர் சொல்லித்தான் அடுத்த கதவு திறந்தது. தெற்குப் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் என்ற ஊரில் பழைய பிரெஞ்சுக் காலனிகளின் ஆவணங்களை வைத்திருக்கும் தேசியக் காப்பகம் இருக்கிறது. காலனி ஊர்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளில் ஒரு பகுதியைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். காரைக்கால் பெயரும் அதில் உண்டு. முன்பெல்லாம் விசா எடுத்து, விமானம் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டியதை இப்போது ராத்திரி பாயில் படுத்தபடி பார்க்கலாம். ஆக, இணையத்தைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அது இல்லாவிட்டால் என் தேடல் தொடங்கியே இருக்காது.

ஆனால் அங்கே கிடைப்பவை பக்கங்களின் படங்கள். பெயரைத் தட்டியதும் வந்து விழாது. ஆண்டைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குமாஸ்தாவின் சாய்ந்த கையெழுத்து, அதுவும் பிரெஞ்சில். மூன்று ராத்திரி புரட்டினேன். கண் வலித்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் நூலகத்துக்குப் போனேன். பிரெஞ்சு அகராதி கிடைக்குமா என்று கேட்கப் போனேன், அவ்வளவுதான். காலை நேரம். நீள மேசையில் தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பெரியவர்கள் பங்குபோட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். நூலகர் என் போனில் இருந்த பக்கத்தை வாங்கிப் பார்த்தார். "அகராதி இருக்கு, ஆனா இந்தக் கையெழுத்துக்கு அகராதி எதுக்கு உதவும்? அந்தா, விளையாட்டுப் பக்கம் படிக்கிறாரே, அவர்கிட்ட காட்டுங்க. அவுங்க அப்பா சைகோன்ல இருந்தவரு" என்றார்.

பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தம்பி, நீங்க என்ன பேரு தேடுறீங்க?" சொன்னேன். "எப்படி எழுதித் தேடுறீங்க?" எழுதிக் காட்டினேன். "அதான். இங்கிலீஷ்காரன் மாதிரி தேடுறீங்க. இவன் அப்படி எழுத மாட்டான்."

அரை மணி நேரம் பாடம் நடந்தது. உகரம் வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் 'யூ' என்ற ஒரே எழுத்தைப் போடுவோம். பிரெஞ்சில் 'ஓ', 'யூ' இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள். ஆகவே முத்து மாதிரி எந்தப் பெயர் வந்தாலும் கண் பழகிய உருவத்தில் இருக்காது. சாமி என்று முடிகிற பெயர்களில் 'எஸ்' இரண்டு இருக்கும், ஏனென்றால் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவில் ஒற்றை 'எஸ்' வந்தால் பிரெஞ்சில் அது 'ஸ' என்று ஒலிக்காமல் 'இஸட்' மாதிரி ஒலிக்கும். பிள்ளை என்பது 'புல்லே' என்று ஆகியிருக்கும். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையே பிரெஞ்சுப் புத்தகங்களில் புல்லேதான். இன்னொன்றும் சொன்னார். 1881 செப்டம்பர் 21-ல் வந்த ஓர் ஆணைப்படி, இந்துச் சட்டம், இஸ்லாமியச் சட்டம் போன்ற பழைய சட்டநிலையைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வந்தவர்கள் புதுசாக ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அப்படி ஒரு கிளை உங்கள் வீட்டில் இருந்தால், அண்ணன் ஒரு பெயரிலும் தம்பி வேறு பெயரிலும் பதிவாகியிருப்பார்கள். "அதனால ஆளைத் தேடாதீங்க தம்பி, தெருவைத் தேடுங்க, சாட்சிக் கையெழுத்து யாருன்னு பாருங்க" என்றார்.

அன்று நடந்ததை யோசித்துப் பார்க்கிறேன். பக்கம் பிரான்சிலிருந்து போன் வழியாக வந்தது. அதைப் படிக்கும் வழி ஒரு பெரியவர் தலையில் இருந்தது. அந்த வழியை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை, எந்த யூடியூப் சேனலிலும் சொல்லவில்லை. இன்னாருக்கு இன்னது தெரியும் என்று தெரிந்துவைத்திருந்தவர் நூலகர். பத்து வருஷம் தினமும் அந்த மேசையில் வந்து உட்காருகிறவர்களைப் பார்த்திருந்தால்தான் அது தெரியும். பெரியவர் வருவது பேப்பர் படிக்க. நான் போனது அகராதி கேட்க. இருவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது காசு கேட்காத ஒரு பொது இடம். டீக்கடையில் இது நடக்காதா என்றால், நடக்கலாம். ஆனால் அரை மணி நேரம் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கையெழுத்து ஆராய்ச்சி செய்தால் கடைக்காரர் பார்க்கிற பார்வை வேறு.

வாசகரையும் அவருக்கு வேண்டியதையும் ஒரு மனிதர் நேரில் இணைத்து வைக்கிற வேலையை நூலகத்தின் மையம் என்று சொன்னவர் நம் பக்கத்து ஊர்க்காரர். காரைக்காலிலிருந்து வடக்கே தரங்கம்பாடி தாண்டிப் போனால் சீர்காழி. எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-ல் அங்கே பிறந்தார். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து, இந்திய நூலகத் துறைக்கே தகப்பன் ஆனார். உலகம் முழுக்க நூலக மாணவர்கள் படிக்கிற அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாக வந்தது 1931-ல். நாலாவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. என் மூன்று ராத்திரியை அரை மணி நேரமாகச் சுருக்கிய நூலகர் செய்தது அதைத்தான்.

அதே 1931-ல், அதே டெல்டாவில் இன்னொன்று நடந்தது. மன்னார்குடி பக்கம் மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் ஒரு மாட்டுவண்டியை நூலகமாக மாற்றினார். வண்டி நிறையப் புத்தகம். ஊர் ஊராகப் போகும், கொடுக்கும், மறுமுறை வரும்போது வாங்கிக்கொள்ளும். நெல் ஏற்றிப்போகிற பாதையில் புத்தகம் ஏற்றிப்போன வண்டி. அக்டோபர் மாதம் அதைத் தொடங்கிவைக்க ரங்கநாதனே வந்தார். டெல்டாவில் அக்டோபர் என்றால் மழையும் சேறும். வண்டிச் சக்கரம் எத்தனை இடத்தில் புதைந்திருக்கும் என்று எனக்கு ஒரு கற்பனை உண்டு.

ரங்கநாதன் கையோடு ஒரு சட்டத்துக்கும் பாடுபட்டார். மதராஸ் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதன் உயிர் நூலக வரி. சொத்து வரியோடு சேர்த்து ஒரு சிறு தொகை வசூலாகி, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகும். இன்று தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரி கட்டுகிறவர்கள் பலருக்கு இப்படி ஒன்று கட்டுகிறோம் என்பதே தெரியாது. ரசீதை எடுத்துப் பாருங்கள், இருக்கும்.

இந்தச் சட்டம் வந்த வருஷம் காரைக்கால் பிரெஞ்சு மண். வடக்கே பூவத்திலும் தெற்கே வாஞ்சூரிலும் சட்டம் அப்படியே நின்றுவிட்டது. சுற்றி மூன்று பக்கமும் அது செல்லும், நடுவில் செல்லாது. 1954-க்குப் பிறகும் நாம் தமிழ்நாட்டோடு சேரவில்லை, புதுச்சேரியோடு ஒன்றியப் பிரதேசமானோம். ஆகவே தமிழ்நாட்டின் நூலக வரியும் ஆணைக்குழுவும் இன்றைக்கும் நமக்கு இல்லை. நூலகங்களை நடத்துவது புதுச்சேரி அரசின் கலை, பண்பாட்டுத் துறை. புதுச்சேரி நகரத்துக்கு இதில் பழைய பெருமை உண்டு. அங்குள்ள ரோமன் ரோலன் நூலகம் 1827-ல் தொடங்கியது, இந்தியாவின் பழைய பொது நூலகங்களில் ஒன்று. ஆனால் அது நம் ஊரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். காரைக்கால் அலமாரியில் என்ன இருக்க வேண்டும் என்பது இங்கிருந்து தெரிகிற மாதிரி அங்கிருந்து தெரியுமா என்பது என் பழைய சந்தேகம். இது எந்த அதிகாரி மேலும் குற்றச்சாட்டு இல்லை. தூரத்தின் இயல்பு அப்படி.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எல்லை ஊருக்கு வேறு சில கஷ்டங்கள் உண்டு. கடையில் கிடைக்கிற போட்டித் தேர்வு கைடுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தேர்வாணையத்தை மனதில் வைத்து எழுதியவை. நம் பிள்ளைகள் எழுதுவது புதுச்சேரி அரசுத் தேர்வு. அரசுப் பள்ளிகளிலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் போய் சி.பி.எஸ்.இ. வந்துவிட்டது. அக்காவின் பழைய புத்தகம் தம்பிக்கு ஆகாது. இதற்கெல்லாம் பி.டி.எஃப். உண்டு, ஆமாம். ஆனால் வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப்போகிற போன் என்றால்? ஆறு அங்குலத் திரையில் முந்நூறு பக்கத்தைப் படித்துப் பாருங்கள், தெரியும். நூலகத்தின் கோடி மேசையில் காலையிலிருந்து உட்கார்ந்து, போனை ஆஃப் செய்து பைக்குள் வைத்துவிட்டுப் படிக்கிற பெண்கள் சிலரைப் பார்த்தேன். அவர்களில் ஒருவர் சொன்னது: "வீட்டுல படிச்சா ஏதாவது வேலை சொல்லிட்டே இருப்பாங்க சார். இங்க வந்தா யாரும் கூப்பிட மாட்டாங்க." இந்த ஒன்றை எந்த ஆப்பும் தராது.

சரி, ஆவணத்துக்கே திரும்புகிறேன். எனக்குப் பெரிய கவலை அதில்தான்.

இணையத்தில் ஒருமுறை ஏறிவிட்டால் அழியாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தமிழில் ஆரம்பத்திலிருந்து இணையத்தில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். யூனிகோடுக்கு முன்னால் டாப், டாம், டிஸ்கி என்று ஆளுக்கொரு எழுத்துருக் குறியீட்டில் எழுதினோம். அந்தப் பக்கங்களை இன்றைக்குத் திறந்தால் கரப்பான் பூச்சி மையில் விழுந்து ஓடியதுபோல் இருக்கும். மாற்றிக்கொடுக்கும் கருவி தெரிந்தவர்களுக்குத்தான் படிக்கக் கிடைக்கும். ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடியபோது அதில் இருந்த தமிழ்ப் பக்கங்கள் எத்தனையோ கூடவே போயின. இப்போது நம் ஊர்ச் செய்தியெல்லாம் ஃபேஸ்புக் குழுவிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடுகிறது. போன வருஷம் யார் என்ன போட்டார்கள் என்று இன்றைக்குத் தேடிப் பாருங்கள்.

2004 டிசம்பர் 26-ஐ எடுத்துக்கொள்வோம். கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, காரைக்கால்மேடு என்று நம் கடலோர ஊர்களில் சுனாமி என்ன செய்தது என்று நேரில் பார்த்த தலைமுறை இருக்கிறது. அதைப்பற்றி உலக நிறுவனங்கள் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கைகள் இணையத்தில் இன்றும் கிடைக்கும். அன்றைக்கு உள்ளூரில் சுற்றிய தமிழ்த் துண்டறிக்கை, மீனவப் பஞ்சாயத்து ஒட்டிய அறிவிப்பு, அந்த வாரத்து உள்ளூர்ப் பதிப்புப் பேப்பர், யார் வீட்டில் எத்தனை பேர் என்று கையால் எழுதிய பட்டியல், இதெல்லாம் யாரிடமாவது இருந்தால் உண்டு, எடைக்குப் போட்டிருந்தால் இல்லை. இருபது வருஷம் கழித்து வீட்டு மனை யாருக்கு என்று ஒரு வழக்கு வந்தால் வக்கீல் மறுபடி அதே வார்த்தையைத்தான் சொல்வார்: பேப்பர் காட்டுங்க.

உலகத்தில் வேறு எந்த நூலகமும் காரைக்கால்மேட்டுத் துண்டறிக்கையைச் சேர்த்து வைக்காது. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம் எத்தனை மாடி இருந்தாலும் அது அவர்கள் வேலை இல்லை. ஊர் நூலகம்தான் செய்ய வேண்டும். பள்ளிக்கூட ஆண்டு மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை, கோயில் கும்பாபிஷேக மலர், தர்கா கந்தூரி அழைப்பிதழ், மாதா கோயில் திருவிழா நோட்டீஸ், கொம்யூன் பஞ்சாயத்துத் தீர்மானம், உள்ளூர்க் கவிஞர் சொந்தக் காசில் போட்ட தொகுப்பு. ஒரு பீரோ போதும், ஒரு பதிவு நோட்டு போதும். பெரிய திட்டமெல்லாம் வேண்டாம்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். 1981 மே கடைசி நாளும் ஜூன் முதல் நாளும் சேர்ந்த அந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். சுமார் 97,000 நூல்கள். வேறெங்கும் பிரதி இருந்த புத்தகங்களைப் பிறகு தேடி வாங்கிவிடலாம். ஒரே பிரதியாக இருந்த ஏடுகளும் ஊர்ப் பத்திரிகைகளும் போனது போனதுதான். 2005-ல் ஈழத்துத் தன்னார்வலர்கள் 'நூலகம்' என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதைத் திறந்து பாருங்கள். பெரிய இலக்கியங்கள் மட்டுமில்லை, சனசமூக நிலைய மலர், பள்ளிச் சஞ்சிகை, நினைவு மலர் எல்லாம் ஸ்கேன் ஆகிக் கிடக்கும். அவர்கள் ஸ்கேன் செய்ய முடிந்தது எதனால்? யாரோ ஒருவர் வீட்டு அலமாரியிலோ ஒரு சின்ன வாசிகசாலையிலோ காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்ததால். காகிதம் முதலில் ஓரிடத்தில் இருந்தால்தான் படம் எடுக்கவே முடியும். எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் கதையும் அதுதான். ஒரு குமாஸ்தா எழுதி, ஒரு பிரதி கப்பலேறிப் போய், ஒரு கட்டடத்தில் நூறு வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்தது. அதனால்தான் நான் பாயில் படுத்துப் பார்க்கிறேன்.

நம் பக்கத்துக் கிளை நூலகங்கள் எல்லாம் இப்படி நடக்கின்றன என்று நான் சொல்லவில்லை. டெல்டாவில் நான் போய்ப் பார்த்தவற்றில் பாதி, அலமாரிச் சாவி இல்லாதவை, அல்லது ஒரே ஆள் மூன்று நூலகத்தைப் பார்த்துக்கொள்பவை. கம்ப்யூட்டர் நாலு வாங்கிப் போட்டு 'டிஜிட்டல் நூலகம்' என்று போர்டு மாட்டுவது சுலபம். ஆறு மாதத்தில் அதில் தூசி மூடியிருக்கும். அந்தப் பணத்தில் ஊர் தெரிந்த ஒருவரைக் கூடுதலாக வேலைக்கு வைத்தால் பயன் அதிகம் என்பது என் கட்சி. இணையத்தில் பக்கங்கள் கூடக்கூட, எந்தப் பக்கம், யாரைக் கேட்பது என்று சொல்கிற ஆளின் தேவைதான் கூடுகிறது. அதிகாரிகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் கம்ப்யூட்டரைப் போட்டோ எடுக்கலாம், நூலகர் சொன்ன ஒரு வார்த்தையைப் போட்டோ எடுக்க முடியாது.

கொள்ளுத்தாத்தா இன்னும் முழுசாகக் கிடைக்கவில்லை. பெரியவர் சொன்னபடி தெருவை வைத்துத் தேடியதில், ஒரு திருமணப் பதிவில் சாட்சியாக ஒரு பெயர் இருக்கிறது. உகரம் பிரெஞ்சு முறையில், 'புல்லே'யும் சேர்ந்து. பத்திரத்தில் இருப்பதும் அதே எழுத்துக்கூட்டல்தான். வக்கீலுக்கு இது போதுமா என்று அடுத்த வாரம் தெரியும்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய்ப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "தம்பி, உங்க போன்ல எங்க அம்மா பேரையும் பார்க்க முடியுமா?" என்று கேட்டார். அவரிடம் இருப்பது பட்டன் போன். திங்கட்கிழமை காலை பேப்பர் படித்து முடித்ததும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆண்டு அவருக்குச் சரியாக நினைவில்லை, தெரு நினைவிருக்கிறது.